வாக்கை நம்பிய பெருந்தகை: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

எமது சங்கத்து இளைஞர் மத்தியிலே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு கட்சி நேற்று ஒன்றைச் சொல்லி மக்களிடம் ஆதரவு பெறுகின்றது. இன்று அதற்கு மாறான ஒன்றைச் சொல்கின்றது. பெயர் மட்டும் அப்படியே நிற்கின்றது. இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே அக்கேள்வி. முதியோர் சிலர், அரசியல் என்றால் அப்படித்தான் என்று கையை விரித்துவிடுகின்றனர். இளைஞர் சிலர் துரோகம் என்ற ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இவ்விரண்டும் விடையாகா என்பது எமது எண்ணம். இந்த நாட்டிலே முதன்முதலாகத் தோன்றிய பெரிய அரசியல் நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, அதன் முதல் தலைவராக வீற்றிருந்து, இரண்டே ஆண்டுகளில் அதனை விட்டு வெளியேறிய ஒரு சைவத் தமிழ்ப் பெரியாரின் வாழ்வை எடுத்து நோக்கினால் விடை ஓரளவு புலப்படும். அவரே சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். இவ்வாண்டு மலரில் அன்னாரது வரலாற்றை அந்த நோக்குடனேயே எழுத முற்படுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைத் தாபித்தவர் அவரே. தாய்வழிப் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், 1835இல் சட்டநிருபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக முதன்முதல் அமர்ந்தவர். மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அதே ஆசனத்தில் நெடுங்காலம் இருந்தவர். மூத்த சகோதரர்களான குமாரசுவாமியும் இராமநாதனும் பின்னர் அச்சபையை அலங்கரித்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்திலே பிறந்த பிள்ளைக்கு அரசியல் புதியதன்று.

கொழும்பு றோயல் கல்லூரி என்று பின்னர் பெயர் பெற்ற கலாசாலையிலே படித்து, 1870இல் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ற் கல்லூரியிலே சேர்ந்தார். சட்டமும் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சையிலே சித்தியெய்தினார். வெள்ளைக்காரத் துரைமாருக்கென்றே இருந்த அந்தச் சேவையில், திறந்த போட்டியின் மூலம் நுழைந்த முதல் இலங்கையர் அவரே.

மக்களை எண்ணிய உத்தியோகத்தர்

சிவில் சேவையிலே அன்னார் நாட்டின் பல பாகங்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமை பார்த்தார். பின்பு பதிவாளர் நாயகமாக உயர்ந்து, காணிப் பதிவையும் பிறப்பு இறப்புப் பதிவையும் சீர்ப்படுத்தினார். ஒரு காணியை இருவருக்கு விற்கும் மோசடி மலிந்திருந்த நாட்டிலே, உறுதிப் பதிவு ஒழுங்கானது எளிய குடியானவனுக்கு எத்துணைப் பெரிய காப்பு என்பதை எமது முதியோர் நன்கறிவர்.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்புக்கு அத்தியட்சகராக இருந்து அதன் அறிக்கையை எழுதியவரும் அன்னாரே. அப்போது இந்நாட்டின் சனத்தொகை 35 இலட்சத்துக்குச் சற்று மேல். சிங்களவர் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர், சோனகர் எத்தனை பேர், எந்த மாகாணத்தில் எந்த இனத்தவர் வாழ்கின்றனர் என்பதையெல்லாம் தலை தலையாக எண்ணித் தொகுத்தவர் அவர். இதனை நாம் இங்கு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கையில் தமிழர் சிறுபான்மையினர் என்பதை அருணாசலத்தைவிடத் துல்லியமாக அறிந்தவர் அன்று இந்நாட்டில் எவரும் இலர். அறிந்திருந்தும், இனவாரியாக ஆசனம் பங்கிடும் முறை ஒழிய வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடினார். அறியாமையால் வந்த நம்பிக்கையன்று அது. அறிந்தே சகோதர இனத்தவர் மீது வைத்த நம்பிக்கை.

1912இல் நிர்வாக சபையிலும் இடம்பெற்று, 1913இல் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். சேர் பட்டமும் கிடைத்தது. அறுபது வயது நிரம்பிவிட்டது. கறுவாத்தோட்டத்து மாளிகையிலே புத்தகங்களோடும் பூசையோடும் எஞ்சிய காலத்தைக் கழித்திருக்கலாம். அன்னாரது பெருமையெல்லாம் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

சைவமும் கல்வியும்

அரசியலுக்குச் செல்லுமுன், அன்னாரது உள்ளத்தின் மற்றப் பக்கத்தையும் சற்று நோக்குதல் தகும். ஆங்கிலக் கல்வியில் ஊறித் திளைத்தவராயினும் சைவத்தையும் தமிழையும் அவர் விட்டவரல்லர். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தார். பொலன்னறுவையிலே கிடைத்த சிவ விக்கிரகங்களைப் பற்றியும், கதிர்காமத்து முருக வழிபாட்டைப் பற்றியும் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைக்குக் கட்டுரைகள் எழுதினார். அக்கிளையின் தலைவர் பதவியை வகித்த முதல் இலங்கையரும் அவரே. கேம்பிறிட்ஜிலே நட்புப் பூண்ட எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கில எழுத்தாளருக்குப் பகவத் கீதையை அனுப்பி, அவர் மனத்தைக் கீழைத்தேச ஞானத்தின் பால் திருப்பினார். 1890இல் காப்பென்ரர் இலங்கைக்கு வந்ததும் அந்த நட்பினாலேயே.

இந்நாட்டுக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற இயக்கத்தை 1906இல் தொடக்கி முன்னின்று நடத்தினார். கொழும்பிலே 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டமை அம்முயற்சியின் முதற் கனியாகும். பேராதனையிலே அருணாசலம் மண்டபம் என அன்னாரது பெயர் தாங்கிய மாணவர் விடுதி இன்றும் நின்று இதற்குச் சான்று பகர்கின்றது.

ஏழைகளின் பக்கம்

1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தாபித்து, கொழும்பின் சேரிகளிலே இரவுப் பாடசாலை, மருத்துவ உதவி முதலியவற்றுக்கு வழிசெய்தார். தோட்டங்களிலே வேலைசெய்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர் அக்காலத்தில் வேலையை விட்டு நீங்கினால் அது குற்றமாகக் கருதப்பட்டது, சிறைத்தண்டனையும் உண்டு. துண்டு என்னும் கடன்சீட்டு முறையினால் கங்காணியிடமும் துரையிடமும் கட்டுண்டு கிடந்தார்கள். இவர்களுக்கு வாக்கும் இல்லை, வாயும் இல்லை. இவர்களுக்காக 1919இல் தொழிலாளர் நலன்புரி சங்கத்தை அமைத்தார் அருணாசலம். பெரி. சுந்தரம் போன்ற இளைஞர்கள் துணைநின்றார்கள். 1921இல் அத்தண்டனைப் பிரிவுகளும் துண்டு முறையும் சட்டத்தால் நீக்கப்பட்டன. தமக்கு ஒரு வாக்கேனும் தரவியலாத மக்களுக்காக ஒருவர் உழைத்தார் என்பதை இளைஞர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

காங்கிரஸ் பிறந்த கதை

1915இல் நாட்டிலே இனக்கலவரம் மூண்டு, அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ்செய்து சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது. சட்டநிருபண சபையிலே அவர்களுக்காக அஞ்சாது வாதாடியவர் அருணாசலத்தின் தமையனார் இராமநாதன். சிங்கள மக்கள் நன்றிப் பெருக்கினால் நெகிழ்ந்திருந்த காலம் அது. சிங்களவரும் தமிழரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்ற பேச்சு எங்கும் கேட்டது. ஒன்றுபட்ட அரசியல் இயக்கத்துக்கு அதனினும் நல்ல வேளை வாய்த்தல் அரிது.

1917 ஏப்பிரில் 2ஆம் திகதி அருணாசலம் கொழும்பிலே எமது அரசியல் தேவைகள் என்னும் பொருள்பற்றி ஒரு பேருரை நிகழ்த்தினார். மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும், தேசாதிபதி இனவாரியாக அங்கத்தவரை நியமிக்கும் வழக்கம் ஒழிந்து பிரதேசவாரியாக மக்கள் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் முறை வர வேண்டும் என்பன அவ்வுரையின் சாரம். அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அன்னாரது தலைமையில் உருவாயிற்று. ஏற்கெனவே இருந்த இலங்கைத் தேசிய சங்கத்தையும் சிலாபச் சங்கத்தையும் யாழ்ப்பாணச் சங்கத்தையும் இதனோடு சேர்த்து ஒரே மகாசபையாக்க வேண்டும் என்பது அவர் கனவு.

யாழ்ப்பாணச் சங்கத்தார் தயங்கினர். பிரதேசவாரி முறை வந்தால் வடக்கிலும் கிழக்கிலும் மாத்திரமே தமிழர் தெரிவாவர். மற்றை ஏழு மாகாணங்களிலும் சிதறி வாழும் தமிழருக்குப் பேச ஆள் இராது என்பது அவர்கள் அச்சம். தமையனார் இராமநாதனும் தம்பியார் கைக்கொண்ட வழியிலே நம்பிக்கை வைக்கவில்லை. தமையனும் தம்பியும் அரசியலிலே வேறுபட்டு நின்ற காலம் அது.

இத்தயக்கத்தைப் போக்க அருணாசலம் தாமே நடுவராய் நின்றார். சிங்களத் தலைவர்களோடு பேசி, மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக அவர்களிடமிருந்து எழுத்து மூலம் உறுதி பெற்றார். 1918 டிசெம்பரில் ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய இருவரும் கையொப்பமிட்டு வழங்கிய கடிதம் அது. அருணாசலம் அதனை யாழ்ப்பாணச் சங்கத் தலைவர் அ. சபாபதி அவர்களுக்கு அறிவித்தார். அந்த வாக்கை நம்பி யாழ்ப்பாணத்தவரும் இசைந்தனர். 1919 டிசெம்பர் 11ஆம் திகதி கொழும்பிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடியது. எல்லோரும் ஒருமுகமாக அருணாசலத்தையே முதல் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். சிங்களவர் பெரும்பான்மையினராய் இருந்த சபைக்கு ஒரு தமிழர் தலைவர். அதனை எவரும் விந்தையாகக் கருதவில்லை. அந்நாளின் சிறப்பு அது.

வாக்கு முறிந்த விதம்

1920இல் மனிங் தேசாதிபதி காலத்திலே புதிய அரசியல் திட்டம் வந்தது. சட்டநிருபண சபையின் 37 அங்கத்தவருள் 23 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். அவர்களுள் 11 பேர் பிரதேசவாரியாகத் தெரிவாவார்கள். அதாவது, மேல் மாகாணத்துக்கு மூன்று, ஏனைய எட்டு மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று. யாழ்ப்பாணச் சங்கத்தார் அஞ்சியது எழுத்துக்கு எழுத்து நடந்தேறியது. மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஆசனம் ஒதுக்கப்படவில்லை.

1921ஆம் ஆண்டுத் தேர்தல் நெருங்கியது. கொழும்பு நகர ஆசனத்துக்குக் காங்கிரஸ் அருணாசலத்தை ஆதரிக்கும் என்பது பலரது எதிர்பார்ப்பு. ஆனால் அந்த ஆசனத்துக்குச் சென்றவர் ஜேம்ஸ் பீரிஸ். ஒதுக்கீட்டு ஆசனத்தைப் பற்றிக் கேட்டபோது, இனத்துக்கென ஆசனம் ஒதுக்குவது பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் என்னும் காங்கிரஸ் கொள்கைக்கே முரண் என்று காங்கிரஸ் தலைவர்கள் நியாயங் கூறினார்கள். அக்கொள்கையை அவர்களுக்கு முன்னின்று எடுத்துரைத்தவர் வேறு யாருமல்லர், அருணாசலமே. அவர் வார்த்த வாளே அவர் மீது திரும்பியது.

அதே 1921இல் அன்னார் காங்கிரசை விட்டு வெளியேறினார். யாழ்ப்பாணச் சங்கத்தாரும் விலகினார்கள். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் தமிழர் மகாசன சபை தோன்றியது. 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தை அருணாசலம் தாபித்தார். தமிழரின் அரசியல் உரிமையை மாத்திரமன்றி மொழியையும் பண்பாட்டையும் பேணி, கடல் கடந்த தமிழரோடும் உறவு பூணுவதே அதன் நோக்கம் என விளக்கினார். பிற இனத்தவர் மீது பகைமை பாராட்டுதற்காக அது தோன்றவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார்.

ஆனால் காலம் இடங்கொடுக்கவில்லை. தென்னிந்தியத் தலங்களைத் தரிசிக்கச் சென்ற அன்னார், 1924 ஜனவரி 9ஆம் திகதி மதுரையம்பதியிலே இறைவனடி சேர்ந்தார். அதே 1924இல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தத்திலே, மேல் மாகாணத்தில் இலங்கைத் தமிழருக்கென ஓர் ஆசனம் இடம்பெற்றது. எந்த ஆசனத்துக்காகக் காங்கிரஸ் பிளந்ததோ, அந்த ஆசனம் அதற்காக நின்றவர் மறைந்த பின்னரே வந்தது. 1930இல் பழைய பாராளுமன்றக் கட்டிடத்து முன்றிலிலே அன்னாருக்குச் சிலை எழுப்பினார்கள்.

மாறியவர் யார்?

இனி, தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு வருவோம். மாறியது காங்கிரசா, அருணாசலமா?

கொள்கைப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் காங்கிரஸ் மாறவில்லை. பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் என்று 1919இல் சொன்னதையே 1921இலும் சொன்னது. மாறியவர் அருணாசலம் என்றே தோன்றும். இலங்கையர் யாவருக்கும் பொதுவான சபை வேண்டும் என்றவர், நாலு ஆண்டுகளில் தமிழருக்கென ஒரு கழகத்தைத் தாபித்தாரல்லவா? அவரைக் குறைகூறியோர் அப்படித்தான் கூறினர். அதிலே உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சாதிக்க மாட்டோம். பொதுமேடையிலிருந்து இனமேடைக்கு அவர் சென்றது உண்மை. பின்வந்தோர் பலர் அந்த வழியிலே மிக நெடுந்தூரம் சென்றதும் உண்மை.

எனினும் வேறொன்றையும் நோக்குதல் வேண்டும். ஒரு கட்சியின் உயிர் அதன் கொள்கைப் பத்திரத்தில் மாத்திரம் இல்லை. எந்த இணக்கத்தின் பேரில் மக்கள் அதிலே ஒன்றுசேர்ந்தார்களோ, அந்த இணக்கத்திலும் இருக்கின்றது. பிரதேசவாரி முறையைப் பெரும்பான்மையினர் விரும்பினர். அதனால் நசுங்கிப் போகாதபடி ஒரு காப்பைச் சிறுபான்மையினர் கேட்டனர். இரண்டையும் சேர்த்தே காங்கிரஸ் பிறந்தது. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டபோது, எழுத்திலே கொள்கை மாறாமலே காங்கிரஸ் வேறொரு காங்கிரஸ் ஆகிவிட்டது. பெயரும் கொள்கையும் அப்படியே இருக்க, கட்சியின் அடையாளம் மாறும் விதம் இதுவே.

அருணாசலத்திடமும் ஒரு குறை இருந்தது என்பதைச் சொல்லாது விட்டால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம். அன்னார் கனவான்களின் சொல்லை நம்பினார். இரு பெரியார் கையொப்பமிட்ட கடிதம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. புதிதாக வந்து சேர்ந்த காங்கிரஸ்காரர் அதனைத் தமது வாக்கென ஏற்றுக்கொண்டனரா என்று பார்க்க அவகாசம் இருக்கவில்லை. மேலும், அக்காலத்துக் காங்கிரஸ் ஆங்கிலம் கற்றோரும் செல்வரும் கூடிய சபை. 1924இலேகூட வாக்குரிமை பெற்றோர் நூற்றுக்கு நாலு பேர் அளவே. கிராமத்துச் சிங்களக் குடியானவனும் கிராமத்துத் தமிழ்க் குடியானவனும் அந்த இணக்கத்தை அறியவுமில்லை, அதற்குப் பொறுப்பாளிகளாகவும் இல்லை. மேலே சிலர் செய்த உடன்படிக்கையை மேலே சிலர் முறித்தபோது கேட்பதற்குக் கீழே ஆளில்லை.

பின்வந்த மாற்றங்கள்

அதன்பின் இந்நாட்டுக் கட்சிகள் அடைந்த மாற்றங்கள் பல. சிலவற்றை மட்டும் குறிப்பிடுவோம்.

காங்கிரசோடு பிணங்கிய மலைநாட்டுச் சிங்களவர் 1925இல் தமக்கென ஒரு தேசிய சபையை அமைத்து, 1927இல் சமஷ்டி ஆட்சி கேட்டனர். 1926இல் சமஷ்டியே நாட்டுக்கு உகந்தது என யாழ்ப்பாணத்திலே வந்து பேசியவர் இளைஞரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அவரே 1951இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது சிங்களமும் தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்றார். 1956இல் பிரதமராகிச் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றினார். காங்கிரசின் வழித்தோன்றலாக 1946இல் உருவான ஐக்கிய தேசியக் கட்சியும் இரு மொழிகளையும் ஏற்றிருந்தது. 1956 தேர்தலுக்குச் சற்று முன் களனியிலே கூடிச் சிங்களம் மட்டும் என்று மாறியது. அந்நாளில் இருமொழிச் சமத்துவத்துக்காகக் கல்லெறிபட்டும் நின்ற சமசமாசக் கட்சி, 1964இல் சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. 1972இன் அரசியல் யாப்பை வரைவதில் முன்னின்றவர் அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, சிங்களமே அரசகரும மொழி என்பது அந்த யாப்பிலே இடம்பெற்றது.

தமிழர் பக்கத்தையும் மறைத்தல் தகாது. அருணாசலத்தின் மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா டி. எஸ். சேனநாயக்காவோடு இணங்கி மந்திரியாக இருந்தார். அதற்காக 1947 தேர்தலில் யாழ்ப்பாணத்திலே அவரை எதிர்த்து நின்று தோற்கடித்தவர் தமிழ்க் காங்கிரசின் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அடுத்த ஆண்டிலேயே, 1948இல், பொன்னம்பலமும் அதே சேனநாயக்காவின் மந்திரி சபையிலே சேர்ந்தார். அதனை ஏற்காதோர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். சமஷ்டி கேட்டுத் தோன்றிய அக்கட்சியும் பிறரோடு சேர்ந்து 1976இல் வட்டுக்கோட்டையிலே தனிநாடு என்ற தீர்மானத்துக்கு வந்தது. சிங்களக் கட்சிகள் மாத்திரமே மாறின, தமிழ்க் கட்சிகள் மலைபோல் அசையாது நின்றன என்று எமது இளைஞர் கருதுவாராயின் அது பிழை.

எல்லா மாற்றமும் தீயதுமன்று. வாக்குரிமையைச் சிலருக்கே உரியதென எண்ணிய தலைவர்கள் 1931இல் சர்வசன வாக்குரிமையை ஏற்க நேர்ந்தது. அது நல்ல மாற்றம். சீர்திருத்தம் மட்டும் வேண்டும் எனப் பிறந்த காங்கிரஸ் 1940களிலே பூரண சுதந்திரம் கேட்டது. அதுவும் நல்ல மாற்றமே. காலம் மாறக் கட்சியும் மாறும். எந்தப் பக்கம் நோக்கி மாறுகின்றது, எவருடைய செலவிலே மாறுகின்றது என்பதைத்தான் நாம் விசாரித்தல் வேண்டும். பலமுள்ளவர் பெற்ற வாக்குறுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பலமில்லாதவர் பெற்ற வாக்குறுதியை மட்டும் காலத்துக்கு ஒவ்வாததெனக் கைவிடும் கட்சி, வளரவில்லை, தேய்கின்றது.

இளைஞருக்கு

எமது சங்கமும் சிறிய அளவிலே ஒரு மகாசபையே. இங்கும் யாப்பு உண்டு, தீர்மானம் உண்டு, பெரும்பான்மை உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே சிலருக்குக் கொடுத்த உறுதியை, அடுத்த ஆண்டிலே புதிய நிர்வாகத்தினர், அது நாங்கள் கொடுத்ததல்லவே என்று தட்டிக்கழிக்கும் நிலை எந்தச் சங்கத்திலும் நேரக்கூடும். அப்படி நேரும்போது யாப்பிலே இடமுண்டா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடையாது, எந்த நம்பிக்கையின் பேரில் அவர்கள் எம்மோடு சேர்ந்தார்கள் என்றும் நினைத்துப் பார்ப்போமாக. கொடுக்கும் வாக்கைத் தலைவர் இருவரது கடிதத்திலே விட்டுவிடாமல், அங்கத்தவர் அனைவரும் அறிந்து ஏற்கும்படி செய்வோமாக. நாளை பெரிய சபைகளிலே அமரப்போகின்றவர்கள் பழகுமிடம் இத்தகைய சிறிய சபைகளே.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் எழுபது வயதுவரை வாழ்ந்தார். உத்தியோகத்திலே உயர்ந்தார், நூல்கள் எழுதினார், தோட்டத் தொழிலாளரின் விலங்கை உடைக்க உழைத்தார், சர்வகலாசாலைக்கு வித்திட்டார். அரசியலிலே அவர் கட்டிய வீடு அவர் கண்முன்னே இரண்டாகப் பிளந்தது. ஆயினும் அந்த வீட்டை முதலிலே கட்டலாம் என்று துணிந்தவர் அவரே. இரு இனத்தவரும் ஒருவர் மற்றவர் சொல்லை நம்பி ஒரே சபையில் அமர்ந்த நாள் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதற்கு அன்னாரது வாழ்வே அத்தாட்சி. அந்த நாள் மீண்டும் வருமாயின், கொடுத்த வாக்கைக் காப்பவர்களாலேயே வரும். அத்தகையோரை எமது சங்கம் ஆக்கித்தருவதற்குப் பொன்னம்பலவாணேசப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.